தொப்பியைக் கழற்றிய நேரம்

காலை ஒன்பது முப்பத்தெட்டு. பிரதேச சபை மண்டபத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு காக்கித் தொப்பி. கடல் பக்க யன்னலின் விளிம்பில் மல்லாக்க வைக்கப்பட்டிருந்தது. உள்பக்கத் தோல் பட்டி வியர்வையில் ஊறிக் கறுத்திருந்தது. பட்டிக்குள் மடித்துச் செருகிய கடதாசித் துண்டு ஒன்று தெரிந்தது. தொப்பி தலைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே குடா வெளிறிக் கிடந்தது. துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்து ஒரு சரக்குக் கப்பல் அசையாமல் நின்றது. பிரதேச நிருபராக நான் போன முதலாவது சபைக் கூட்டம் அது. குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நேரம், வந்திருந்த உறுப்பினர் தொகை, அதற்குக் கீழே 'யன்னலில் தொப்பி' என்று எழுதியிருக்கிறேன். செய்திக்கு உதவாத குறிப்பு என்று விட்டுவிட்டேன். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது.

தொப்பி சார்ஜன்ட் ஐயாவுடையது. எங்கள் பகுதிச் சமூகப் பொலிஸ் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். சிங்களவர், கந்தளாய்ச் சீனி ஆலைக் குடியிருப்பில் வளர்ந்ததால் எங்கள் அளவுக்குத் தமிழ் பேசுவார், எழுத வாசிக்கத்தான் வராது. ஜீப்பில் வரமாட்டார். பின்னால் கரியர் வைத்த பச்சைச் சைக்கிளில் வந்து, சபை வளவின் வேப்பமரத்தில் அதைச் சாத்தி, காற்சட்டையில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். மாதத்தில் ஒரு புதன்கிழமை சபை கூடும். வீதி விளக்கு, வடிகால், சந்தைக் கழிவு எல்லாம் பேசி முடிந்ததும் கடைசி அரை மணித்தியாலம் அவருக்கு. ஊர்ச்சனம் நேரே வந்து அவரோடு கதைக்கலாம்.

அந்த அரை மணித்தியாலத்துக்கு எங்கேயும் எழுதாத ஒரு வழக்கம் இருந்தது. சார்ஜன்ட் தொப்பி போட்டிருந்தால் சொல்வதெல்லாம் முறைப்பாடு. பெரிய புத்தகத்தில் சிங்களத்தில் பதிவார். பதிந்தது நீதிமன்றம் வரை போகும். தொப்பி யன்னலுக்குப் போனால் அது வெறும் கதை. கேட்டுக்கொள்வார், யோசிப்பார், பின்னேரம் சைக்கிளில் போய் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடிப்பார். பெரும்பாலான விஷயங்கள் அந்தத் தேத்தண்ணியோடு முடிந்துவிடும்.

எந்தக் கதை என்பதைத் தீர்மானிப்பது அவரல்ல, வந்தவர். ஒருமுறை அயல் வீட்டுப் பெண்கள் இருவர் ஓர் ஆட்டுக்கடாவுக்காக வந்தார்கள். கடா ஒருத்தியின் மரவள்ளியைத் தின்றிருந்தது. "போடுங்கோ சேர் தொப்பியை! எழுதுங்கோ!" என்றாள் மரவள்ளிக்காரி. சார்ஜன்ட் போட்டார். "ஐயோ கழட்டுங்கோ சேர், அவள் கோவத்தில சொல்லுறாள்" என்றாள் ஆட்டுக்காரி. கழற்றினார். மரவள்ளிக்காரி மறுபடி போடச் சொன்னாள். மூன்றாம் முறை அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, இது என்ர தலை. உங்கட படலை இல்லை, திறந்து திறந்து பூட்டுறதுக்கு" என்றார். மண்டபம் சிரித்தது. மரவள்ளிக்காரிதான் எல்லோரிலும் கூடச் சிரித்தாள். அன்றைய கூட்டறிக்கையில் ஆட்டுக்கடா இல்லை.

வழக்கத்தை எனக்குச் சொன்னவர் மீன்வாடி அக்கா. கரையில் மீன்வாடி நடத்தியவர், அப்போது சபையில் உறுப்பினர். தவிசாளர் மணியடித்தாலும் தன் பேச்சை முடித்துவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். என்னைப் 'பேப்பர் தம்பி' என்பார். "தம்பி, முந்தி இருந்த பேப்பர்காரர் தொப்பி யன்னலுக்குப் போனதும் ரீ குடிக்கப் போயிடுவார். நீர் என்ன, தூணுக்குப் பின்னால பூனை மாதிரி இருக்கிறீர்?" என்று ஒருநாள் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். எனக்கு முன்னிருந்த நிருபர் வயதானவர், ஓய்வு பெறும் காலம். அவர் எழுந்து போனதைச் சோம்பல் என்று நினைத்தேன். நான் சோம்பேறி இல்லை என்று காட்ட, தூணுக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூட மேசையில் கூட்டம் முடியும்வரை இருந்தேன்.

அந்த மண்டபத்தை இன்று நினைத்தால் முதலில் வருவது சத்தங்கள்தான். ஒரு பக்கம் தாழ்ந்து சுற்றிய மின்விசிறியின் கிறீச்சு. பேசத் தொடங்கியதும் கூவுகிற ஒலிவாங்கி. அதை நிறுத்த அதன் தலையில் தட்டும் தவிசாளர். சிங்களத்தில் தொடங்கித் தமிழில் கோபித்து மறுபடி சிங்களத்தில் சமாதானமாகும் விவாதங்கள். கிண்ணியாப் பக்கமிருந்து வந்து போகும் பஸ்களின் ஹோர்ன். பதினொரு மணிக்குப் பிறகு காற்றுத் திரும்பும். யன்னலால் கருவாட்டு மணமும் உப்பும் சேர்ந்து வரும், மேசையில் இருந்த கடதாசிகள் பறக்கும். அவற்றின் மேல் வைக்கச் செயலாளர் ஒரு வெள்ளைச் சங்கு வைத்திருந்தார். எட்டு மாதம் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் புதன்கிழமைகளை எதிர்பார்த்திருந்த காலம் அது ஒன்றுதான்.

ஒன்பதாவது மாதக் கூட்டத்தில், உறுப்பினர்கள் தேநீருக்கு எழுந்துவிட்ட நேரத்தில், வலை பொத்துகிற ஐயா வந்தார், கரையில் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுப்பவர். மெலிந்த உடம்பு, விரல்களில் நைலோன் நூல் அறுத்த தழும்புகள். சார்ஜன்ட் ஐயாவுக்கு முன்னால் கதிரையில் இருந்தார். தொப்பி யன்னலில் கிடந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார். குரலைத் தாழ்த்தவில்லை. அந்த மண்டபத்தில் அந்த நேரத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை. நான் பத்தடி தூரத்தில் இருந்தேன்.

"சேர், மருமகன் வெடி வாங்கி வைச்சிருக்கிறான். குசினிக்குப் பின்னால, விறகுக்குள்ள. மீனுக்குப் போடுறதுக்கு."

"எத்தனை?"

"நாலு குச்சி கண்டனான்."

"போட்டவனோ?"

"இன்னும் இல்லை. முந்தநாள்தான் கொண்டு வந்தவன். சொன்னால் சிரிக்கிறான். சேர், கை போனாலும் என்ர பிள்ளைக்குத்தான், மறியலுக்குப் போனாலும் என்ர பிள்ளைக்குத்தான். அவள் இப்ப அஞ்சு மாசம்."

சார்ஜன்ட் ஐயா யன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "தொப்பி அங்க கிடக்குது ஐயா" என்றார். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நான் சைக்கிளில வருவன். அவனையே எடுத்துத் தரச் சொல்லுங்கோ. தந்தால் கரையில கிடந்து எடுத்தது எண்டு ஸ்டேஷனில குடுப்பன். தராட்டில், அடுத்த நாள் தொப்பியோட வருவன்."

"தருவான் சேர். உங்களுக்கெண்டால் தருவான்."

ஐயா எழுந்து, கதிரையை இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் நான் எழுதிக்கொண்டேன்.

வெடி போட்டு மீன் பிடிப்பதைப் பற்றி அந்த மாதங்களில் தலைமைக் காரியாலயம் கேட்டுக்கொண்டேயிருந்தது. கரையெல்லாம் அதைப் பற்றிக் கதை, ஆனால் வாய் திறந்து சொல்ல ஆளில்லை. இப்போது ஒருவர் சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தொலைபேசியில் செய்தி கொடுத்தேன். கவனமாகத்தான் கொடுத்தேன். பெயர் இல்லை. கிராமம் இல்லை. மருமகன் என்ற உறவுமுறையும் இல்லை, 'உறவினர்' மட்டும். வெள்ளிக்கிழமைப் பேச்சை விட்டுவிட்டேன். நடக்காததை எழுதக்கூடாது என்பது பழக்கம். சபை அமர்வின்போது வலை பொத்தும் தொழில் செய்யும் ஒருவர், தமது உறவினரிடம் நான்கு வெடிமருந்துக் குச்சிகள் இருப்பதாகப் பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் தெரிவித்தார் என்று ஐந்தாம் பக்கத்தில் ஏழு வரி. எங்கள் கரையில் எல்லோரும் தங்கள் வலையைத் தாங்களே பொத்திக்கொள்வார்கள். அதையே தொழிலாகச் செய்தவர் ஒருவர்தான். இது எனக்குத் தெரிந்த விஷயம். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

பத்திரிகை வியாழக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் வந்தது. பத்தரைக்கெல்லாம் பொலிஸ் நிலையத்து ஜீப் குசினிக்குப் பின்னால் நின்றது. விறகுக்குள்ளிருந்து நாலு குச்சியும் எடுத்தார்கள். மருமகனை உடுத்திருந்த சாரத்தோடேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இன்னும் ஒரு நாளும் ஐந்தரை மணித்தியாலமும் இருந்தன.

பதினொரு மாதம் விளக்கமறியல். வலை பொத்துகிற ஐயாவின் மகள் நீதிமன்றத் தவணை தவறாமல் பஸ் ஏறினார். பிறகு கைக்குழந்தையோடு ஏறினார். தகப்பனோடு பேசுவதை அந்த வியாழக்கிழமையே நிறுத்திவிட்டார். தான் சொன்னது தொப்பி கழற்றிய நேரத்தில் என்று ஐயா சொல்லியிருப்பார். பேப்பரில் வந்தபிறகு அதை யார் நம்புவது? அவர் ஊசியையும் நூற்கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பாலம் கடந்து, ஆலங்கேணியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பேரப்பிள்ளையை அவர் கையில் கொடுக்கவில்லை என்று மீன்வாடி அக்கா சொன்னார். அதை என்னிடம் சொன்னபோது 'தம்பி' என்று அழைக்கவில்லை.

சார்ஜன்ட் ஐயாவிடம் மேலிடம் விளக்கம் கேட்டது: கேட்ட தகவலை ஏன் பதியவில்லை? உள்நாட்டுப் பொலிஸ் நிலையமொன்றுக்கு இடமாற்றம் வந்தது. போவதற்கு முன் ஒரு கூட்டத்துக்கு வந்தார். அவருடைய அரை மணித்தியாலம் தொடங்கியது. தொப்பி தலையிலேயே இருந்தது. பெரிய புத்தகத்தை விரித்து, பேனாவை அதன் மேல் வைத்துக் காத்திருந்தார். ஒருவரும் எழும்பவில்லை. அரை மணித்தியாலமும் மின்விசிறிதான் கேட்டது. முடிந்ததும் புத்தகத்தை மூடினார்.

வேப்பமரத்தடியில் அவர் காற்சட்டையில் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அவர்தான் பேசினார். "பேப்பர் மாத்தயா, நீங்கள் எழுதினதை நான் வாசிப்பிச்சுக் கேட்டனான். பிழை ஒண்டும் இல்லை. நாலு குச்சி எண்டு போட்டிருந்தது. நாலுதான் இருந்தது." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஏளனமாகச் சொன்னாரா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அவருக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. ஓய்வு பெற்றுக் கந்தளாயில் வயல் செய்கிறார் என்று கேள்வி. பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம். நான் போகவில்லை.

சபை நெடுநாள் உறுப்பினர் இல்லாமல் கிடந்து, மறுபடி கூடத் தொடங்கியிருக்கிறது. போன மாதக் கூட்டத்துக்குப் போனேன். மின்விசிறிகள் புதிது, சத்தமில்லை. பள்ளிக்கூட மேசைக்குப் பதிலாக ஊடகவியலாளருக்கு என்று எழுதி ஒட்டிய பிளாஸ்டிக் கதிரைகள். சங்கு மட்டும் அதே சங்கு. சமூகப் பொலிஸ் பிரிவுக்கு இளம் அதிகாரி ஒருவர். தமிழ் எழுதவும் தெரிந்தவர். முறைப்பாடுகளைக் கைப்பேசியில் அனுப்பலாம் என்று இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதினார். பிறகு, "வேறு ஏதாவது இருக்கா?" என்று கேட்டுத் தொப்பியோடு நின்றார். ஒருவரும் எழும்பவில்லை.

மீன்வாடி அக்கா இப்போது உறுப்பினர் இல்லை. பொதுமக்கள் இருக்கும் நீள வாங்கில், ஊன்றுகோலை முழங்காலில் சாத்தி வைத்துக்கொண்டு இருந்தார். "தம்பி, வேர்க்குதெல்லே?" என்றார் அதிகாரியைப் பார்த்து. "தொப்பியைக் கழட்டி அந்த யன்னலில வையுமன்."

"பரவாயில்லை அம்மா."

"வையும் எண்டுறன். அதென்ன, தலையில முளைச்சதோ?"

பிள்ளைகள் மாதிரி எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துக்கொண்டே கழற்றி யன்னல் விளிம்பில் வைத்தார். ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

கடைசி வாங்கில் ஒரு பெண் எழுந்தார். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. நெஞ்சோடு ஒரு பையைப் பிடித்திருந்தார். வலை பொத்துகிற ஐயாவின் மகள் என்று அடையாளம் காண எனக்கு ஒரு கணம் பிடித்தது. யன்னலைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தையல்ல, மடியில் திறந்திருந்த குறிப்புப் புத்தகத்தை. மறுபடி வாங்கில் இருக்கப் போனார்.

நான் புத்தகத்தை மூடி எழுந்து வெளியே விறாந்தைக்குப் போனேன். அங்கே ஒருவர் ரீ ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கோப்பை வாங்கிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. யன்னலின் வெளிப்புறத்திலிருந்து பார்த்தால் தொப்பியின் உள்பட்டி தெரிந்தது. புதிய தோல், கடதாசி எதுவும் செருகியிருக்கவில்லை.

அவர் பன்னிரண்டு நிமிடம் பேசினார்.