ரஜனி அக்காவின் சிவப்பு ஜாக்கெட்

ரஜனி அக்கா இல்லையாம்...

காலையில் போன் வந்தபோது பஸ்ஸில் நின்றேன். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" என்று அவருடைய மனுஷன் தவம் அண்ணையிடமே கத்திவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நித்திரையிலேயே போய்விட்டாராம். ஹார்ட் என்கிறார்கள். ஒரு வருத்தம், நோய் நொடி இல்லாத மனுஷி!

ஜெர்மனியில், ஹம் நகரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. நேற்று மதியம் என் பக்கத்தில் நின்றுதான் உடுப்பு மாற்றினார். "நாளைக்கு மைனஸுக்குப் போகுதாம், கோழியளுக்குச் சுடுதண்ணி வைக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கடைசிக் கதையும் கோழிக்கதைதான். வேறு என்னத்தைக் கதைத்திருப்பார்...

குளிர் தொடங்கினால் கோழிகளின் கொண்டைக்கு வாஸலின் களிம்பு பூசுவார். விறைத்துப் புண்ணாகாமல் இருக்கவாம். "எங்கட உதடு வெடிச்சுக் கிடக்கு, கோழிக்கு மேக்கப்போ அக்கா?" என்று கேட்டேன்.

"உனக்குக் கை இருக்கு, பூசு. அதுக்குக் கை இருக்கோ?" என்றார்.

ஒரு குளிர்காலம் பறவைக் காய்ச்சல் என்று கோழிகளை வெளியே விடக்கூடாது என்றார்கள். அடைபட்ட அலுப்பில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. அக்கா ஒரு முழுக் கோவாவை, முட்டைக்கோசைத்தான், கயிற்றில் கட்டிக் கூட்டுக்குள் தொங்கவிட்டார். சண்டையை விட்டுவிட்டு எல்லாம் கோவாவைத் துள்ளித் துள்ளிக் கொத்தின.

வேலை இடைவேளையில் வீட்டுக்குப் போன் போடுவார். "கோவா கட்டினியளோ?" என்பார். "எனக்குச் சோறு போட ஆளில்லை, கோழிக்குக் கோவாவோ!" என்று அண்ணை கத்துவது எனக்கே கேட்கும். பிறகு அவரே போய்க் கட்டியும் விடுவார்.

போன குளிரில் ஒருநாள் கூட்டுக் கதவு சாத்துப்படாமல் கிடந்து, மரநாய் புகுந்துவிட்டது. மூன்று கோழி. அக்கா அழுதுகொண்டே வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு இருட்டமுன் கதவு சாத்தாமல் அவர் ஓரிடமும் போனதில்லை, கலியாண வீடென்றாலும்...

இன்று பின்னேரம் அங்கே போனேன். அக்காவைக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வீடு நிறைய சனம். ஆளாளுக்குத் தேத்தண்ணியும் சாப்பாடும் கொண்டுவந்து அண்ணையைச் சாப்பிடச் சொல்கிறார்கள். அவர் ஒன்றையும் தொடவில்லை.

திடீரென்று என்னைப் பார்த்தார். "பிள்ளை, இருட்டப் போகுது... கோழியள்..."

காலையில் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி கோழிகளின் கத்தல் தாங்காமல் கூட்டைத் திறந்துவிட்டாராம். பிறகு அதுகளை ஒருவரும் நினைக்கவில்லை. வீட்டைச் சுற்றி வளவெல்லாம் புது ஆட்களைக் கண்ட பயத்தில் எல்லாம் வேலிப் பற்றைக்குள் பதுங்கியிருந்தன.

"பா... பா..." என்று கூப்பிட்டேன். ஒன்றும் அசையவில்லை. தடியால் கலைத்தால் இன்னும் உள்ளே போகின்றன. கண் முன்னால் இருட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு மரநாயின் நினைப்புத்தான்.

பின்கதவுக் கொளுவியில், கோழிக்கூட்டுக்குப் போகும்போது அக்கா குளிருக்குப் போடும் சிவப்பு ஜாக்கெட் தொங்கியது. எடுத்துப் போட்டேன். பொக்கற்றில் கையை விட்டால் சோளம். பின்னேரம் சோளம் தின்றால் இரவு உடம்பு சூடாக இருக்கும் என்பார்.

"பா... பா..."

ஓடி வந்தன. செட்டையடித்துக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, என் காலைச் சுற்றி...

கடவுளே. அதுகளுக்குத் தெரியாது.

சோளத்தைக் கூட்டுக்குள் எறிந்தேன். எல்லாம் உள்ளே போயின. கதவைச் சாத்தித் திரும்பினால் குசினி ஜன்னலில் தவம் அண்ணை. ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கழற்றவும் ஏலவில்லை, நிற்கவும் ஏலவில்லை.

ஜன்னலைத் திறந்தார்.

"எல்லாம் உள்ளுக்குப் போயிட்டுதோ?"

"ஓம் அண்ணை."

"சரி... வா, குளிருது."

கதவு சாத்தியாச்சு அக்கா. போயிட்டு வாங்கோ...