சங்குக்குக் காத்திருந்த முட்டைகள்

வெங்காயத் தோல் கொதிக்கிற வாசனையை நல்ல வாசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். கோலார் தங்க வயலில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் "லைன் வீட்டின்" ஒற்றை அறையில் அந்த நெடி பரவி, கொடியில் உலர்ந்த துணிகளிலும் ஏறிவிட்டால், மறுநாள் ஈஸ்டர் என்று அர்த்தம். அதிகாரிகளின் பங்களாக்களுக்கு பெங்களூரிலிருந்து சாக்லேட் முட்டை வரும் என்பார்கள். வரட்டும். எங்கள் முட்டைக்கான சாயம் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளின் அடியில் கிடந்தது. "எல்லாத்தையும் வாரிக்கினு போங்க, எனக்குப் பெருக்குற வேலை மிச்சம்" என்று கடைக்காரர் சொல்ல, நானும் தம்பியும் பை நிறைய அள்ளி வருவோம்.

மஞ்சள் தண்ணீரிலும் பீட்ரூட் சாற்றிலும் நாலைந்து முட்டைகள் போகும். ஆனால் பெருமையெல்லாம் தோல் தண்ணீரில் வேகிற முட்டைக்குத்தான். தம்பி ஈர முட்டையின் மேல் கொத்துமல்லி இலையை ஒட்டுவான், நான் பழைய புடவைக் கிழிசலால் இறுக்கிச் சுற்றுவேன், சுரங்கத்துக்குள் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற "டிம்பர்மேன்" அப்பா, அதே தடித்த விரல்களால் நூல் முடிச்சுப் போடுவார். அம்மா வேகவைத்து அடுப்பை அணைத்து, முட்டைகளை அந்தத் தண்ணீரிலேயே ஊறவிட்டு, "ரெண்டு மணி சங்கு ஊதினா எடுத்துடணும்" என்பாள். வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனாலும் ஷிப்ட் மாறும்போது சுரங்கத்தில் ஊதுகிற சங்கைத்தான் நாங்கள் நம்பினோம். எடுத்துப் பிரித்தால் செம்பழுப்பு ஓட்டில் இலை வெள்ளையாகப் பதிந்திருக்கும்.

ஒரு வருஷம், ஈஸ்டருக்குச் சில வாரங்களே இருக்கும்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அப்பா அதன் பிறகு வாசலைத் தாண்டவில்லை. வெளியே போனால், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற ஷாஃப்டின் மேல் சக்கரம் சுற்றாமல் நிற்பது கண்ணில் படும் என்று, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தே கிடந்தார். பேச்சும் நின்றுவிட்டது. அவர் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ என்று எனக்குப் பயம். அந்த நிலைமையிலும் அம்மா தோலைக் கொதிக்கவிட்டாள். நான்கு வீடு தள்ளியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாசனை பிடித்து வந்து சண்டைக்கு நின்றாள்.

"லைனே எழவு வூடாட்டம் கீது. உனக்கு இன்னாடி கலர் முட்டை கேக்குது?"

"எழவு மைனுக்குத்தான் அண்ணி. நாங்க யாரும் சாவல" என்றாள் அம்மா, கரண்டியைக் கீழே வைக்காமல்.

அடுப்பை அணைத்ததும், பழக்க தோஷத்தில், "சங்கு ஊதினா எடுத்துடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா மாதா கோயிலைக் கழுவிவிடப் போய்விட்டாள். நானும் தலையாட்டினேன். வெயில் சாய்ந்து அவள் திரும்பி வந்து, "இன்னும் எடுக்கலியா?" என்று கேட்டபோது, "சங்கு இன்னும் ஊதலியேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. சுரங்கம் மூடின நாளிலிருந்து ஊதாத சங்குக்கு நானும் தம்பியும் ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்திருக்கிறோம். படுத்திருந்த அப்பா, சுவரைப் பார்த்தபடியே, "நானும்தான் காத்துனு இருந்தேன்" என்றார். நான் ஓவென்று அழுதேன்.

முட்டைகள் ஏறக்குறைய கறுத்துப் போயிருந்தன. இலையின் சுவடுகூட மங்கலாகத்தான் தெரிந்தது. அம்மா தூக்கிப் போடவில்லை. எண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைத்தாள். ஈஸ்டர் காலையில் கூடையை அப்பாவின் கையில் திணித்து, "இந்த வருஷம் நீங்கதான் வீடு வீடா குடுக்கணும்" என்றாள்.

"இந்த மூஞ்சிய வெச்சிக்கினா?"

"எங்களுக்கு இருக்கறது அந்த மூஞ்சி ஒண்ணுதான். போங்க."

அப்பா எழுந்து போனார். நான் பின்னாலேயே ஓடினேன். முதல் முட்டையை அத்தை வாசற்படியில் தட்டி உரித்தாள். வேகும்போதே ஓட்டில் விழுந்த விரிசல்களில் இறங்கிய சாயம் வெள்ளைக்கருவின் மேல் கோடு கோடாக ஓடியிருந்தது. அப்பா குனிந்து பார்த்தார். "அக்கா, ரீஃப் ஓடுது பாரு!" என்றார். பாறைக்குள் தங்கம் ஓடுகிற கோட்டுக்குச் சுரங்கத்தில் அதுதான் பெயர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே முட்டையைத் தின்றுவிட்டு, "நில்லாதடா, அடுத்த வூட்டுக்கு நட" என்றாள். லைனின் கடைசி வீடு வரைக்கும் நடந்து, காலிக் கூடையோடுதான் அப்பா திரும்பினார்.

இன்று அப்பா இல்லை, அம்மா இல்லை, சங்கும் இல்லை. படம் பிடிக்க வருகிறவர்கள் இதைச் "செத்த ஊர்" என்கிறார்கள். விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், ராத்திரி இங்கேதான் வந்து சோறாக்குகிற என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மட்டும் நான் வேலைக்குப் போவதில்லை. தோல் தண்ணீரில் முட்டைகளை ஊறப்போட்டதும், என் மகள் போனை எடுத்துக்கொண்டு, "டைமர் வெக்கட்டாம்மா? எவ்ளோ நேரம்?" என்பாள்.

"சங்கு ஊதட்டும், எடுக்கலாம்" என்பேன்.

அவளுக்குக் கதை தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். முட்டைகள் கறுக்கும் மட்டும் ஊறுகின்றன.