ராஜகனி கார்டனின் எல்லைக்கல்

“வழிபாட்டுத் தலத்துக்குத் தொடர்ந்து இடையூறு செய்துவரும் பிற மதத்தைச் சேர்ந்த நபர்” என்று மனுவில் ஞானஒளிவைப் பற்றி எழுதியிருந்தது. பிற மதம் என்பது மட்டும் சரி. ரயில்வே கேட்கீப்பராக முப்பத்தோரு வருடம் இருந்தவர். மூடிய கேட்டுக்கு வெளியே நின்ற பஸ்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அவர் இடையூறாக இருந்ததில்லை.

சங்கரன்கோவிலில் ராஜகனி கார்டன் என்றொரு மனைப்பிரிவு. பெயரில் மட்டும்தான் கார்டன். வரைபடத்தில் பூங்காவுக்கென்று பதினெட்டு சென்ட் விட்டிருந்தார்கள். அதில் சீமைக்கருவேல் வளர்ந்தது. ஓய்வுபெற்று அங்கே வீடு கட்டிய ஞானஒளிவு கருவேலை வெட்டி, ஒரு வேம்பும் ஆறு புங்கையும் வைத்து, வீட்டு மோட்டாரிலிருந்து குழாய் இழுத்து எட்டு வருடம் தண்ணீர் விட்டார். நிழல் விழுந்ததும் ஆட்கள் வந்தார்கள். விசைத்தறியில் ஷிப்ட் முடிந்த பெண்கள் அங்கே காலை நீட்டி உட்கார்ந்தார்கள். கடையநல்லூரிலிருந்து வாடகைக்கு வந்த அப்ரீன் பானு ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். பிறகு தெரு முழுக்க அதில்தான் தாளித்தது. ஒரே தெருவில் இருந்தும் முகம் பார்க்காதவர்கள், உட்கார ஓர் இடம் கிடைத்ததும் ஒருவர் வீட்டுச் சண்டையை மற்றவர் விசாரிக்கும் அளவுக்கு நெருங்கினார்கள்.

நிழலோடு விலையும் ஏறியது. மனை போட்ட வெள்ளத்துரை ஒருநாள் ஆட்களோடு வந்து, பூங்காவின் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார். நாலு பிளாட்டாக விற்கப்போவதாகப் பேச்சு. தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மனு மனுவாகவே இருந்தது.

வழி சொன்னவர் அடுத்த வீட்டுத் தறிக்காரர் பெருமாள்சாமி.

“வே, ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசும். அப்புறம் எந்தப் பய கை வைப்பான்?”

“நல்லாருக்கே. நீரே நடும்.”

“நான் நட்டா சாமி என்ன ஏதுன்னு கேக்கும்வே. பிள்ளகுட்டிக்காரன். நீரு நம்பாத ஆளு, உம்மள அது ஒண்ணும் செய்யாது.”

இவ்வளவு தெளிவான இறையியலை ஞானஒளிவு சர்ச் பிரசங்கத்தில்கூடக் கேட்டதில்லை. தெருவே டி.வி. முன்னால் இருந்த ஒரு மத்தியானம், ஓடையில் கிடந்த அதே எல்லைக்கல்லைத் தூக்கிவந்து வேம்படியில் நட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கைப் பை ஏந்தும் கை. மஞ்சள் போக இரண்டு நாள் சோப்புப் போட்டார்.

வெள்ளத்துரை வந்தார், பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கல் வேலை செய்தது. அதை நிறுத்தத்தான் யாருக்கும் தெரியவில்லை. முதலில் செவ்வாய்க்கிழமை விளக்கு, பிறகு ஆடியில் கொடை விழா. அடுத்த வருடம் தகரக் கொட்டகை, கமிட்டி, இரும்புக் கதவு, பூட்டு. கொட்டகைக்காக நாலு புங்கை போனது. கறிவேப்பிலை சுற்றுச்சுவருக்கு இடைஞ்சலாம். அப்ரீன் பானுவை யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அவள் வருவதை நிறுத்தினாள். வேம்பின் கிளையில் அரிவாள் விழுந்த அன்று ஞானஒளிவு குறுக்கே நின்று கத்தினார். கமிட்டி போலீசில் கொடுத்த மனு அதற்குத்தான். முதல் கையெழுத்து, கமிட்டித் தலைவர் பெருமாள்சாமி.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டார்: “அண்ணாச்சி, நீங்க சர்ச்சுக்குப் போறவரு. அந்தக் கோயிலுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?”

பெருமாள்சாமி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானஒளிவு ஒரு வாக்கியம் சொன்னால் போதும், சாமி மறுபடி கல்லாகிவிடும். கல்லானால் வெள்ளத்துரையும் மறுபடி வருவார். மிஞ்சிய வேம்பும் இரண்டு புங்கையும் நாலு பிளாட்டுக்குள் போய்விடும்.

“தண்ணி ஊத்திட்டு வாரேன். அவ்ளோதான்.”

“இனிமே அவங்க ஊத்திக்கிடுவாங்க” என்று எஸ்.ஐ. ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

பெருமாள்சாமி குனிந்து காதோடு சொன்னார்: “நான் சொன்னேம்லா வே, சாமி உம்மள ஒண்ணும் செய்யலைல்லா?”

கல்லை நட்டது யார் என்று சொல்லாமல், இனி அந்த இடத்துக்குள் வருவதில்லை என்று ஞானஒளிவு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.