பிரேக் அக்கா வாங்கிய பெரிய வண்டி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வருகிறவர் காலடியில் மூன்று மிதிகள் இருக்கும். சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் பிரேக் மட்டும்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒற்றை மிதியில்தான் அவள் பிழைப்பு ஓடியது. எத்தனையோ பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதல் கியர் போட்டிருக்கிறார்கள். வங்கி மேலாளர் ஒருவர் நடுச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதே இருக்கிறார். அவள் யாரையும் அதட்டியது கிடையாது. வாய்க்கு முன்னால் கால் வேலை செய்துவிடும். வண்டி நின்றதும், "சரி, மூச்சு விடுங்க. என்ன ஆச்சுன்னு இப்ப நீங்களே சொல்லுங்க" என்பாள்.

இத்தனைக்கும் அவளுக்கென்று சொந்த வண்டி இல்லை. பயிற்சிக் காரை வகுப்பு நேரத்துக்கு வெளியே யாரும் தொடக் கூடாது என்பது முதலாளியின் கறாரான விதி. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. வீட்டில் ஆறு பேர். அவர்கள் இருவர், இரண்டு பெண்கள், மாமியார், அப்புறம் அவளுடைய அக்கா. அக்காவுக்கு இடுப்பில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நடப்பதற்கு வாக்கர் வேண்டும். படி என்றால் இரண்டு பேர் தாங்க வேண்டும். அதனால் எங்கே கிளம்பினாலும் அக்கா முந்திக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவாள். வீடு என்ன, எழுந்து ஓடிவிடவா போகிறது?

பெரியவள் பட்டம் வாங்கிய அன்றைக்கும் அதுதான் நடந்தது. எல்லோரும் ரயிலில் போனார்கள். ரயில் படி ஏற முடியாத அக்கா வீட்டிலிருந்தே போனில் வீடியோவாகப் பார்த்தாள். சின்னவள் கை ஆடியதில் படமும் ஆடியது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அக்கா சிரித்த முகமாகத்தான் இருந்தாள். "எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. அவ முகம் மட்டும்தான் சரியாத் தெரியல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். பிரேக் அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறு வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது, "ஏழு பேர் உக்கார்ற டீசல் வண்டி வாங்கப் போறேன். பழசுதான். ஆனா சொகுசு வண்டி" என்றாள்.

வீட்டுக்காரர் கையில் எடுத்த கவளம் பாதியில் நின்றது. "சொகுசா? நமக்கா? சின்னதா ஒண்ணு போதாதா?"

"சின்ன வண்டியில ஆறு பேரை எப்படித் திணிப்பீங்க? அது மட்டும் இல்ல. இந்த ஜாதி வண்டியில ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா வண்டியே கீழ இறங்கும். காத்து வெச்ச ஸ்பிரிங். அக்கா யாரு கையையும் பிடிக்காம உக்காரலாம். புதுசு வாங்கறது நாம கனவுலகூட நினைக்க முடியாது. பத்து வருஷம் ஓடினதுன்னா சேத்து வெச்ச என் சாயங்கால வகுப்புக் காசு போதும்."

அக்கா தலை நிமிரவே இல்லை. "எனக்காக எதுக்குடி இந்தக் கூத்தெல்லாம்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"உனக்காகன்னு யாரு சொன்னா? எனக்குப் பெரிய வண்டி ஓட்டணும்னு ஆசை" என்று ஒரே போடாகப் போட்டாள் தங்கை.

முதலில் போனது பழைய வண்டிகள் விற்கும் ஷோரூமுக்கு. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கறுப்பு வண்டி ஒன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் மின்னியது. விற்பனையாளர் இளைஞர்; கழுத்துப்பட்டை மூச்சை முட்டுகிற அளவு இறுக்கமாக இருந்தது.

"அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் மேடம். லேடீஸ் ஓட்டினது. அலுங்காம குலுங்காம வெச்சிருந்தாங்க."

அவள் எஞ்சினைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, குனிந்து, மிதிகளைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான கால்களைப் பார்த்தவள் அவள். பிரேக் மிதியின் ரப்பரில் இருக்க வேண்டிய கோடுகளைக் காணோம். தேய்ந்து தேய்ந்து ஒரு ஓரத்தில் இரும்பே எட்டிப் பார்த்தது. இருக்கையின் விளிம்பும் ஆள் ஏறி இறங்கியே நைந்திருந்தது. அறுபதாயிரத்தில் இப்படி ஆகாது. இரண்டு லட்சமாவது ஓடியிருக்கும்.

"தம்பி, அந்த லேடி உக்காந்து ஓட்டினாங்களா, இல்ல பிரேக் மேலயே நின்னுக்கிட்டு ஓட்டினாங்களா?"

அவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டாவது வண்டி விளம்பரத்தில் கிடைத்தது. சொந்தக்காரரே விற்கிறார் என்று போட்டிருந்தது. போன் செய்தால், குரலைக் கேட்டதுமே மறுமுனையில், "அக்கா, நீங்களா?" என்றார். பதினொரு வருஷத்துக்கு முன் அவளிடம் ஓட்டக் கற்ற பல் டாக்டர். கியர் மாற்றும்போதெல்லாம் சாலையை விட்டுவிட்டுக் கியர் கம்பியையே பார்ப்பார். அந்தப் பழக்கம் போகும்வரை தேர்வுக்கே அனுப்பாமல் மூன்று முறை தள்ளிப்போட்டவள் அவள்.

"காலையில ஆறரைக்கு வரேன் டாக்டர். நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றாள். டீசல் எஞ்சினின் குணம் ஆறிக் கிடக்கும்போதுதான் தெரியும். சூடேறிவிட்டால் எந்தக் கிழட்டு எஞ்சினும் இளசாக நடிக்கும்.

வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஆறரைக்குப் போய் நின்றாள். சாம்பல் நிற வண்டி. கீறல் இல்லை, மிதி ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. மனசுக்குப் பிடித்துவிட்டது. பிறகு பானட்டின் மேல் கை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றிபோல் கதகதவென்றிருந்தது.

டாக்டர் வேறு எங்கோ பார்த்தார். "பால் வாங்கப் போனேன் அக்கா."

"பால் கடை எங்க?"

"தெரு முனைல."

"நடந்தா நூறு அடி வருமா? அதுக்கு ரெண்டு டன் வண்டியா?"

வீட்டுக்காரர் அவள் முழங்கையை லேசாகத் தட்டினார், போய்விடலாம் என்பதுபோல். அவளுக்கும் கோபம்தான். ஷோரூம்காரன் பொய் சொன்னது அவன் தொழில். இவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது மணி நேரம் கற்றவர். ஆனாலும் அவள் போகவில்லை. பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்காரரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

"நீங்க ஓட்டுங்க. நான் அப்புறம் ஓட்டறேன்."

வண்டி வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. அவள் வண்டியைக் கவனிக்கவில்லை; டாக்டரின் கண்களையே கவனித்தாள். பத்து எண்ணுவதற்குள் ஒரு முறை அவர் பார்வை சாலையை விட்டு இறங்கி முன்னால் இருந்த மீட்டர்களுக்குப் போய்த் திரும்பியது. அங்கே எந்த விளக்கும் எரியவில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

இரண்டாவது சிக்னலில் நின்றபோது கேட்டாள்: "ரோட்டைப் பாக்காம மீட்டரைப் பாக்கறீங்க. அங்க என்ன எரிஞ்சிடும்னு பயப்படறீங்க, டாக்டர்?"

சிக்னல் பச்சையாகியும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஓரமாக நிறுத்தினார்.

"ஃபில்டர் அடைச்சா எரியற விளக்கு அக்கா. ரெண்டு தடவை எரிஞ்சுது. ஒரு ஒர்க் ஷாப்ல சொல்லி அந்த எச்சரிக்கையை அழிச்சிட்டேன். காலையில ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு வந்தேன், உங்க முன்னாடி எரிஞ்சிடக் கூடாதேன்னு." கைகள் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. "வாங்கறப்போ ஊர் ஊரா சுத்தணும்னுதான் வாங்கினோம். அப்புறம் கிளினிக், பசங்க ஸ்கூல். ரெண்டும் ஒரே தெருவுல. ஆறு வருஷமா இது அந்தத் தெருவைத் தாண்டினதே அபூர்வம்."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். பிறகு, "இதைப் பால் கடைன்னு சொன்னப்பவே சொல்லியிருக்கலாம்" என்றாள். "சரி, இறங்குங்க. நான் ஓட்டறேன். நேரா எங்க மெக்கானிக்கிட்ட."

பயிற்சிப் பள்ளி வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒல்லியானவர், வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி. கையடக்கக் கருவியை வண்டியில் சொருகி, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"டீசல் கரியெல்லாம் இந்த ஃபில்டர்ல போய்த் தங்கும். தூரமா, நல்ல வேகத்துல ஓட்டினா அந்தச் சூட்டுல கரி தானா எரிஞ்சு சாம்பலாயிடும். தெருவுக்குள்ளயே உருட்டினா சூடே ஏறாது, கரி சேர்ந்துக்கிட்டே போகும். இப்ப நூத்துக்கு எழுபத்தி ரெண்டு அடைச்சிருக்கு. தொண்ணூறைத் தாண்டினா கழட்டித்தான் ஆகணும், பெரிய செலவு."

"இப்ப?"

"மத்தது எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. காத்து ஸ்பிரிங்கும் கசியல. இதுக்கு மருந்து ஹைவேதான். நிறுத்தாம நாப்பது நிமிஷம். அப்புறம் வாராவாரம்."

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சே சீக்கு வண்டியை வாங்குவியா?"

"சொல்லிட்ட சீக்குக்கு வைத்தியம் பாக்கலாமுங்க. அந்த ஷோரூம் வண்டியில சொல்லாத சீக்கு எத்தனையோ. அதுவும் இல்லாம, வாராவாரம் தூரமா போயே ஆகணும்கறாரு. இது நமக்கு நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

அவர் தலையைச் சொறிந்தார். டாக்டர் விலையில் கணிசமாகக் குறைத்துக்கொண்டார். அவள் அதற்கு மேல் பேரம் பேசவில்லை.

அந்த ஞாயிறு காலை வண்டி வாசலில் நின்றது. சந்து முக்கால்வாசி அடைத்துப்போயிற்று. மாமியார் முதல் ஆளாகப் போய் முன் இருக்கைக் கதவைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்." அவருக்குத் தலை சுற்றும் என்று அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பெண்கள் கடைசி வரிசைக்குத் தாவினார்கள்; நடு வரிசையில் ஒரு இருக்கையை மடக்கி வாக்கருக்கு இடம் செய்தார்கள். கடைசியாக அக்கா. பிரேக் அக்கா பட்டனை அமுக்கினாள். வண்டி பெருமூச்சு விட்டு மெல்ல இறங்கியது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னடி இது, என்னைப் பாத்து உக்காருது!" வண்டிக்கு முதுகு காட்டித் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டாள். தாங்கலாம் என்று நீண்ட வீட்டுக்காரரின் கை வெறுமனே அந்தரத்தில் நின்றது.

நெடுஞ்சாலை ஏறியதும் பிரேக் அக்கா நேரத்தைப் பார்த்துக்கொண்டாள். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் மாமியார் நெளிய ஆரம்பித்தார்.

"எங்கயாவது நிறுத்தும்மா."

"அத்தை, ஒரு அஞ்சு நிமிஷம். வண்டிக்கு வயிறு சுத்தமாயிட்டிருக்கு."

"வண்டிக்குச் சுத்தமாகறது இருக்கட்டும், எனக்கு இங்கேயே சுத்தமாயிடும் போல இருக்கு!"

பின்னால் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா கண்ணில் நீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரேக் அக்கா அடுத்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஒடித்துத் திருப்பினாள். கரி காத்திருக்கும், மாமியார் காத்திருக்க மாட்டார். திரும்பும் வழியில் மறுபடி நாற்பது நிமிஷம் கணக்கு வைத்து ஓட்டினாள். இந்த முறை கிளம்பும் முன்னால் மாமியாரைக் கேட்டுக்கொண்டாள்.

அவர்கள் அன்றைக்குப் போனது பெரிய இடம் ஒன்றுமில்லை, ஒரு அணைக்கட்டு. ஆறு பேரும் மதகுப் பக்கம் நின்று தண்ணீரைப் பார்த்தார்கள். அக்கா வாக்கரை ஊன்றிக்கொண்டு எல்லோரையும்விட அதிக நேரம் நின்றாள். போகலாம் என்று கூப்பிட்டபோது, "நீங்க போய் வண்டியில இருங்க, வரேன்" என்றாள்.

திங்கள்கிழமை மெக்கானிக் கருவியைச் சொருகிப் பார்த்தார். நாற்பத்தொன்று. மூன்று வாரத்தில் இருபதுக்கு இறங்கியது. சிரமமும் இல்லாமல் இல்லை. சந்தில் நிறுத்த முடியாமல் அச்சகத்தின் பின்வாசலில் இடம் வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருந்தது. டயர் விலையைக் கேட்ட வீட்டுக்காரர் கடையிலேயே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஞாயிறு எங்கே போவது என்று மாமியாருக்கும் அக்காவுக்கும் புதன்கிழமையே வாக்குவாதம் தொடங்கிவிடும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் டாக்டர் போன் செய்தார்.

"அக்கா, அந்த விளக்கு மறுபடி எரிஞ்சுதா?"

"இல்ல டாக்டர். நல்லா இருக்கு."

"எங்கெல்லாம் போனீங்க?"

அவள் சொன்னாள். அணைக்கட்டு, மலைப்பாதை, ஆறு கடலில் சேரும் இடம்.

"நாங்க அந்தப் பக்கமெல்லாம் போனதே இல்ல அக்கா."

"அணைக்கட்டுக்குக் காலையில ஏழு மணிக்கு பஸ் இருக்கு" என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை, "ஏழு மணியா?" என்று கேட்டு, எங்கே ஏற வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு அவள் பயிற்சிக் காரில் ஏறினாள். புதிதாகச் சேர்ந்திருந்த தையல்காரர் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"கழுத்தை நெரிக்காதீங்க அண்ணே" என்றாள். "அது எங்கயும் ஓடிடாது. நாமதான் ஓட்டணும்."