டெஸ் அழுத்திய சங்கு

ஆஸ்திரேலியாவில், விக்டோரியாவின் கோதுமைச் சீமையில் குல்வாரா என்று ஓர் ஊர். டெஸ் ஹன்னஃபோர்டு அங்கே லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமையானால் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு நேரக்காரன்; கடிகாரம் பார்த்து, பொத்தானை அமுக்கி, முடிவுச் சங்கு ஊதுகிற வேலை. மைதானத்து ஓரத் தகரக் கூண்டில் அவனும் எதிர்க்குழுவின் நேரக்காரனும் தோள் இடிக்க உட்காருவார்கள். ஒருத்தனை ஒருத்தன் நம்பாததால் வந்த ஏற்பாடு.

அந்தச் சீமைக் கால்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் கோல், ஆறு புள்ளி. ஆட்டம் நாலு கால் பாகம். காலுக்கு இருபது நிமிஷம் என்பது பேச்சுக்குத்தான். பந்து கோட்டைத் தாண்டினாலும் கோல் விழுந்தாலும் நடுவர் கையைத் தூக்குவார், கடிகாரம் நிற்கும். இருபது முப்பதாக இழுக்கும். மிச்சம் எவ்வளவு என்று கூண்டுக்குள் இருக்கும் இரண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. சங்கு ஊதினால் மட்டும் போதாது. நடுவர் காதில் விழுந்தால்தான் ஆட்டம் முடியும்.

டெஸ் கூண்டில் ஏறிய நாளாய் குல்வாரா ஒரு கோப்பையும் வாங்கவில்லை. ஒரு வருஷம் இறுதி ஆட்டத்தில் கடைசி நேரத்துக் கோலால் மூன்று புள்ளி முந்தியது. மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. கோல் விழுந்தால் அடிப்பது வழக்கம்தான். அன்று நிறுத்தவே இல்லை.

"உங்க ஊர்க்காரனுங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுடா," என்றான் எதிர்க்குழு நேரக்காரன் ட்ரெவின்.

"உனக்கு வயித்தெரிச்சல். வாய மூடிக்கிட்டு கடிகாரத்தப் பாரு."

"பாத்துட்டேன். முடிஞ்சுது. அமுக்கு!"

டெஸ் அமுக்கினான். சங்கு ஊதியது அவன் காதுக்கே கேட்கவில்லை. நடுவர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்கடா பாவிகளா!" என்று கத்தினான். முதல் காரில் அவன் மனைவி நோலீன் ஹாரன்மேல் முழங்கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ட்ரெவின் குழுவின் நெட்டையன் ஒருத்தன் பந்தைப் பிடித்தான். ஓரக்கோட்டை ஒட்டி, நம்ப முடியாத தூரத்திலிருந்து, உடம்பைச் சாய்த்து உதைத்தான். பந்து கம்பங்களுக்கு வெளியே போகிற மாதிரி ஏறி, உச்சியில் மனசு மாறியதுபோல் வளைந்தது. ஹாரன்கள் ஒவ்வொன்றாய் வாயடைத்துப்போயின. அப்போதுதான் சங்கு தனியாகக் கேட்டது. நடுவர் இரண்டு கையையும் தூக்கினார். ஆட்டம் முடிந்தது. ஆனால் சங்கு கேட்கும் முன்பே உதைத்த பந்து கணக்கில் சேரும்.

ஊரே அண்ணாந்து நின்றது. முடிந்துபோன ஆட்டத்தில் அந்தப் பந்து மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கோப்பை போகிறது என்று டெஸுக்குத் தெரிந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. கம்பங்களின் நட்டநடுவில் போய் விழுந்தது. ஆறு புள்ளி.

ட்ரெவின் குதிக்கவில்லை. "நீ சரியா அமுக்குனடா. புகார் குடுத்தா நானே சாட்சிக்கு வரேன்."

"என்னன்னு குடுக்க? எம் பொண்டாட்டி ஹாரன் அடிச்சான்னா?" டெஸ் இன்னும் கம்பங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது வளைஞ்சதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படிடா வளைஞ்சுது?"

சங்கு நிற்காமல் அலறிக்கொண்டிருந்தது. ட்ரெவின்தான் அவன் விரலைப் பொத்தானிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான்.