மூடி இறுக்கமான ஒரு பிஸ்கட் டின்

பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பில் வீடுகள் எரிந்துபோன பிறகு, எங்கள் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டிலும் பயம் வந்துவிட்டது.

அடையாள அட்டைகளையும் பிறப்புப் பத்திரங்களையும் போட்டுவைக்க, இன்று சிராங்கூன் சாலைக் கடையில் இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் டின் கேட்டேன்.

அருகில் அரிசி வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, எரிந்த கம்பத்துக்காரர், எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

“நாங்களும் வச்சிருந்தோம் தம்பி. எல்லாரும் வெளிய வந்துட்டோம். டின்னை எடுக்க எங்க வீட்டுக்காரரு திரும்ப உள்ள போனாரு. வரவே இல்ல.”

கடைக்காரர் அளப்பதை நிறுத்திவிட்டார்.

“தீ வந்தா அப்படியே விட்டுட்டு ஓடுங்க,” என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையே சொன்னேன்.

“அட்டை இல்லாம நம்ம யாருன்னு யாருங்க நம்புவா?” என்றாள்.

பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.