எட்டுப் புள்ளி

டக், டக், டக். மொத்தம் எட்டுப் புள்ளி. கூண்டில் நிற்கும் சாட்சியின் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டால் போதும், நீதிமன்றத் தட்டச்சர் அக்காவின் விரல் எட்டு முறை புள்ளியைத் தட்டும். சின்ன வசவுக்கும் எட்டு, தாயை இழுக்கும் வசவுக்கும் எட்டு. அதில் பாரபட்சமே கிடையாது. குமாஸ்தாக்கள் அவருக்கு வைத்த பெயர் புள்ளி அக்கா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் "என்னப்பா?" என்று திரும்புவார்.

சாயங்காலம் கிளம்புமுன் வராந்தாக் குழாயில் தம்ளர் பிடித்து மூன்று தரம் வாய் கொப்பளிப்பார். "நீங்க எங்கக்கா பேசினீங்க? கேட்டீங்க, அவ்வளவுதானே?" என்று பியூன் சீண்டுவான். "காதுல விழுந்தது நாக்குக்கு வர எவ்வளவு நேரமாகும்? இந்த வாயாலதான் தம்பி காலையில ஜெபம் பண்றேன்" என்பார். செல்போனைப் பார்த்து "சனியனே" என்றதற்காக மகளோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதவர். குடித்துவிட்டு வந்த அப்பா அம்மாவைத் திட்டும்போதெல்லாம் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு இயேசுவைக் கூப்பிட்ட சிறுமி அவர். அவருடைய பக்தி அங்கே தொடங்கியது. அதனால் அவரைக் குறை சொல்ல மனசு வராது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் ஒரு பெண், தன் மேற்பார்வையாளன் மீது புகார் கொடுத்திருந்தாள். நாள் தவறாமல் என்னென்ன சொல்லி மிரட்டினான் என்பதுதான் வழக்கே. அத்தனை ஆண்கள் நடுவில், கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். டக், டக், டக். பதிந்ததைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அக்கா அந்த இடங்களை "அசிங்கமான வார்த்தை" என்று சொல்லித் தாண்டினார். பாவம், கூச்சப்படுகிறார், தாளில் இருக்கும் என்று நம்பி அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு நீதிபதி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்குத் தாள்தான் சாட்சி. என்ன சொன்னான் என்பது பதிவில் இல்லை, ஆகவே விடுதலை என்று தீர்ப்பு வந்தது.

அவள் வராந்தாவில் அக்காவை மறித்தாள். "நான் சொன்னேனே அக்கா. அவ்வளவு பேருக்கு முன்னாடி வாய்விட்டுச் சொன்னேனே. எழுதலையா நீங்க?"

அக்கா விலகிப் போகப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இன்னும் அவன்கிட்டதான் வேலை. தினமும் அதையேதான் சொல்றான். சொல்லிட்டு, 'போ, போய் எழுதச் சொல்லு'ன்னு சிரிக்கிறான்."

அன்றிரவு முழங்காலில் நின்ற அக்காவுக்கு ஜெபமே வரவில்லை. "என் வாய் சுத்தமா இருக்கணும்னு அவளை அந்தச் சாக்கடையிலேயே தள்ளிட்டேனே பாவி!" என்று மகளிடம் அழுதார். மறுநாள் தன் தப்பைத் தன் கையாலேயே எழுதி நீதிபதியிடம் கொடுத்தார். அவருக்கு மெமோ வந்தது. அந்தப் பெண்ணின் மேல்முறையீட்டில், அந்தக் கடிதத்தை வைத்து, சாட்சியத்தை மறுபடி பதியும்படி உத்தரவும் வந்தது.

ஏழு மாதம் கழித்து அதே கூண்டு. அந்தப் பெண் இளைத்துப் பாதியாகியிருந்தாள். ஒருமுறை சொன்னதே பெரிது; மறுபடி சொல்ல வைத்தோமே என்று அக்கா தன்னையே நொந்துகொண்டார். அவள் சொன்னாள். இந்த முறை புள்ளிச் சத்தம் கேட்கவில்லை. விரல்கள் எழுத்து எழுத்தாகத் தட்டின.

வாசித்துக் காட்டும் நேரம் வந்தது. அக்கா எழுந்து நின்றார். வாழ்நாளில் அந்த நாக்கில் ஏறாத சொற்களை, ஒன்றைக்கூட விழுங்காமல், குரலைத் தாழ்த்தாமல் வாசித்தார். குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எதிரே நின்ற மேற்பார்வையாளன் சிரிக்கவில்லை.

"சரியா இருக்காம்மா?"

"சரிதான்க்கா. அப்படியே இருக்கு."

வெளியே வந்த அக்கா குழாயைத் திறந்து தம்ளரை நிரப்பினார். வழக்கம்போல வாய்க்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். சுவரோரம் தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் போய்த் தம்ளரை நீட்டினார்.